கதவுக்குச் சாயம் பூசுங்கள்; தூசியை மட்டும் பறக்க விடாதீர்கள்!

தீபாவளி நெருங்குகிறது என்றால் நம்மவர் வீடுகளில் முதலில் புதுக்கோலம் பூணுவது சுவர்தான். இரண்டு டின் சாயம் வாங்கி, அண்ணன் தம்பிகள் கூடி, ஒரே நாளில் வீட்டையே பளிச்சென்று ஆக்கிவிடுகிறார்கள். பொங்கலுக்கும் அப்படியே. பிள்ளைக்குக் காதுகுத்து, பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் என்றாலும் அப்படியே.

ஆனால் சுவருக்குக் கிடைக்கும் மரியாதை உள்கதவுகளுக்குக் கிடைப்பதில்லை. படுக்கையறைக் கதவில் கை வைத்து வைத்துக் கறுத்துப்போன வட்டம். அடுப்படிக் கதவில் எண்ணெய்ப் பிசுக்கு. குளியலறைக் கதவின் அடிப்பக்கம் ஊறி உப்பியிருக்கும். சுவர் புதிதாக, கதவு அழுக்காக நின்றால், புது வேட்டிக்குப் பழைய கிழிந்த துண்டு போட்டதுபோல் இருக்கும்.

"ஏங்க, இந்தக் கதவைப் பார்க்கவே சகிக்கல. வேற கதவு மாட்டுங்களேன்" என்பார் வீட்டுக்காரம்மா. "அடுத்த போனஸுக்குப் பாத்துக்கலாம்லா" என்பார் வீட்டுக்காரர். அந்த போனஸும் வரும், போகும். கதவு அப்படியே நிற்கும்.

உண்மையில் மரம் உறுதியாக இருக்கும் கதவை மாற்றத் தேவையே இல்லை. புதுக் கதவின் விலையில் ஒரு சிறு பங்கும், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் இருந்தால் போதும். ஆனால் இந்த வேலையில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. அது அழகைப் பற்றியது அல்ல. வீட்டில் தவழும் குழந்தையைப் பற்றியது. அதைத் தெரிந்துகொண்டு பிரஷைக் கையில் எடுப்பதே புத்திசாலித்தனம்.

யாருடைய கதவு?

நம்மில் சிலர் இன்னும் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். பலர் தோட்டம் கைமாறிய பிறகு தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்துவிட்டோம்.

தோட்டத்து வீடு நிர்வாகத்தின் சொத்து. அதைச் செப்பமாக வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் சொல்கிறது. தொழிலாளர்களின் வீடு, வசதிகள் ஆகியவற்றின் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் சட்டம் அது. ஆகவே கதவு கறையான் அரித்து, கீல் கழன்று தொங்கினால், அதைக் கைக்காசு போட்டு மூடி மறைக்க வேண்டாம். ஆபீஸில் எழுதிக் கொடுங்கள். சாயம் மட்டும்தான் பூசப் போகிறோம் என்றாலும் கிராணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. பின்னால் பேச்சுக்கு இடமிருக்காது.

தாமானில் சொந்த வீடு என்றால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. லயத்தில் இருந்த காலத்தில் வீட்டுக்கு என்ன நிறம் என்பதை நாமா தீர்மானித்தோம்? நிர்வாகம் எந்தச் சாயத்தை அனுப்பியதோ அதுதான் பத்து வீட்டுக்கும். இன்று நம் கதவின் நிறம் நம் விருப்பம். அந்தச் சின்ன உரிமையும் உழைத்துச் சம்பாதித்ததுதான்.

பழைய சாயத்தில் பதுங்கும் காரீயம்

1980களில் 25,000 வெள்ளி விலையில் விற்ற மலிவு வீடுகளை வாங்கிக் குடிவந்தவர்கள் நம்மிடையே ஏராளம். அந்த வீட்டுக் கதவுகளுக்கு இன்று நாற்பது வயது. பழைய பலகை வீடுகள் என்றால் வயது இன்னும் கூடுதல். அந்தக் காலத்து எண்ணெய்ச் சாயத்தில் காரீயம் கலந்திருக்கக்கூடும். நிறம் எடுப்பாகத் தெரியவும், சீக்கிரம் காயவும், மழை வெயில் தாங்கவும் அதைச் சேர்த்தார்கள்.

ஈயம் என்றதும் ஈப்போ, கம்பார் பக்கம் தோண்டி எடுத்த ஈயம் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. அது வெள்ளீயம். இது காரீயம், தூண்டிலில் கட்டும் குண்டிலும், கார் பேட்டரியிலும் இருப்பது. மலாயில் 'பிளும்பும்' என்பார்கள்.

காரீயம் உடம்புக்குள் போனால் இரத்தத்திலும் எலும்பிலும் தங்கிவிடும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு அதை அதிகமாக உறிஞ்சும். வளரும் மூளையை அது கெடுக்கும். படிப்பில் கவனம் குறையும், புத்தி மந்தமாகும். இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லும்படியான அளவே கிடையாது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பிள்ளை நன்றாகப் படித்துத் தோட்டத்தை விட்டு முன்னேற வேண்டும் என்பதற்காகத்தானே நாம் பாடுபடுகிறோம்? அந்தப் பிள்ளையின் மூளைக்கே நம் வீட்டுக் கதவு உலை வைக்கலாமா?

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. 1904ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் இதைச் சொல்லிவிட்டார். அங்கும் நம் ஊரைப்போல் வெயில். நம் ஊரைப்போலவே வராந்தா வைத்த பலகை வீடுகள். வராந்தாக் கைப்பிடிச் சட்டத்தின் சாயம் வெயிலில் பொடிந்து, குழந்தைகளின் கையில் ஒட்டி, வாய் வழியாக உள்ளே போய் நஞ்சானது என்று அவர் எடுத்துக்காட்டினார்.

தொழிலாளர் உலகமும் சும்மா இருக்கவில்லை. 1921இல் ஜெனீவாவில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு, கட்டடங்களின் உட்புறத்துக்கு வெண்காரீயச் சாயம் பூசுவதைச் சில விலக்குகளோடு தடைசெய்யும் உடன்படிக்கையை நிறைவேற்றியது. சாயம் பூசும் தொழிலாளி நோயாளியாகிச் சாகக்கூடாது என்பதற்காகவே பிறந்த உடன்படிக்கை அது. அமெரிக்காவோ 1978இல்தான் வீட்டுச் சாயத்தில் காரீயத்துக்குத் தடை போட்டது. தெரிந்தும் எத்தனை ஆண்டு தாமதம் பாருங்கள்!

இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். கதவில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய சாயம் உடனே யாரையும் ஒன்றும் செய்துவிடாது. அது உரிந்து விழும்போதும், நாம் காய்ந்த மணல் தாளை வைத்துக் கரகரவென்று தேய்த்துத் தூசியாக்கும்போதும்தான் ஆபத்து. கண்ணால் பார்த்து இதில் காரீயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆகவே பழைய வீட்டுக் கதவு என்றால், இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

என்ன வாங்குவது, எவ்வளவு வாங்குவது?

சாதாரண அறைக்கதவு 3 அடி அகலம், 7 அடி உயரம். ஒரு பக்கம் 21 சதுர அடி. இரண்டு பக்கமும் 42. ஓரங்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 4 சதுர மீட்டர். ஒரு லிட்டர் சாயம் ஒரு பூச்சுக்குச் சுமார் 10 முதல் 12 சதுர மீட்டர் வரை வரும். ஆக, ஒரு கதவுக்கு இரண்டு பூச்சு அடிக்க ஒரு லிட்டர் டின் தாராளம். மூன்று கதவு என்றால் இரண்டரை லிட்டர். நிலைகளையும் சேர்த்துப் பூசுவதானால் மூன்றரை. வீடு முழுக்க ஆறு கதவு என்றால் 5 லிட்டர் டின் வாங்குவதே லாபம்.

சுவருக்குப் பூசி மிச்சமான சாயத்தைக் கதவுக்குப் பூசாதீர்கள். கை படப்பட அழுக்கேறும். துடைத்தால் சாயமும் சேர்ந்து வரும். கதவுக்கு மரத்துக்கென்று இருக்கும் பளபளப்புச் சாயம் வேண்டும். அதில் இரண்டு வகை. ஒன்று எண்ணெய்ச் சாயம். கெட்டியாக நிற்கும், ஆனால் வாடை அதிகம், காய நேரமாகும், வெள்ளை நிறம் நாளடைவில் மஞ்சள் பூக்கும். மற்றொன்று தண்ணீரில் கரையும் சாயம். வாடை குறைவு, சில மணி நேரத்தில் காயும், பிரஷைத் தண்ணீரிலேயே கழுவலாம். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இரண்டாவதே நல்லது. எதை வாங்கினாலும் 'தன்பா பிளும்பும்', அதாவது காரீயம் சேர்க்காதது என்று டின்னில் போட்டிருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

கூடவே அண்டர்கோட், கொஞ்சம் மரப்புட்டி, இரண்டரை அங்குலப் பிரஷ் ஒன்று, நனைத்துத் தேய்க்கும் கறுப்பு மணல் தாள் 120ஆம் எண்ணிலும் 240ஆம் எண்ணிலும் இரண்டிரண்டு, ஒரு பெரிய பிளாஸ்டிக் விரிப்பு. ஹார்ட்வேர் கடையில் 'கெர்த்தாஸ் பாசிர்' என்றால் மணல் தாளை எடுத்துத் தருவார்கள். பிரஷில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். மலிவுப் பிரஷின் மயிர் உதிர்ந்து சாயத்தில் ஒட்டி நின்றால், கதவு தாடி வளர்த்ததுபோல் இருக்கும்!

பழைய சாயம் எந்த வகை என்று தெரிய வேண்டுமா? ஒரு துணியில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் தொட்டு ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் இறங்கினால் தண்ணீர்ச் சாயம். இறங்காவிட்டால் எண்ணெய்ச் சாயம். எண்ணெய்ச் சாயத்தின்மேல் தண்ணீர்ச் சாயத்தை அப்படியே பூசினால் ஆறே மாதத்தில் தோல் உரிவதுபோல் உரியும். தேய்த்து, ஒட்டுவதற்கென்று உள்ள அண்டர்கோட் போட்ட பிறகே பூச வேண்டும். கடையில் விவரம் சொல்லிக் கேளுங்கள்.

முதல் ஞாயிறு: கழுவு, அடை, நனைத்துத் தேய்

வேலை தொடங்குமுன் பிள்ளைகளையும், கர்ப்பிணிப் பெண்கள் இருந்தால் அவர்களையும் பாட்டி வீட்டுக்கோ அக்கம்பக்கத்துக்கோ அனுப்பிவிடுங்கள். அறையில் இருக்கும் பாய், தலையணை, துணிமணிகளை எடுத்துவிடுங்கள். கதவின் அடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போடுங்கள். கதவைக் கழற்ற வேண்டியதில்லை. கீழே ஓர் ஆப்பு வைத்து ஆடாமல் நிறுத்தினால் போதும். கைப்பிடியை மட்டும் கழற்றி, திருகாணிகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். கீலுக்குச் சாயம் பூசவே கூடாது. மேலே டேப் ஒட்டிவிடுங்கள்.

முதலில் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். தாளிப்புப் புகை, சாமி விளக்கின் எண்ணெய், தலை சாய்த்த இடத்து எண்ணெய் என்று எல்லாம் போக வேண்டும். பிசுக்கின்மேல் எந்தச் சாயமும் நிற்காது. பிறகு நல்ல தண்ணீரில் துடைத்துக் காய விடுங்கள். ஆணி ஓட்டை, விரிசல்களைப் புட்டியால் அடையுங்கள்.

அடுத்து மணல் தாள். இங்கேதான் கவனம் தேவை. தாளையும் கதவையும் நனைத்துக்கொண்டு தேயுங்கள். காய்ந்தால் மறுபடி நனையுங்கள். தேய்த்து வரும் சாயம் சேறாக வழிய வேண்டுமே தவிர, தூசியாகப் பறக்கக்கூடாது. கரடுமுரடான இடத்துக்கு 120, பிறகு 240. பழைய சாயத்தை முழுக்க எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பளபளப்பு மங்கினால் போதும். உரிந்து நிற்கும் சாயத்தை மட்டும் நனைத்துச் சுரண்டுங்கள்.

அடுக்குமாடிக் கதவுகள் பெரும்பாலும் உள்ளே கூடாக இருக்கும். மேலே மெல்லிய பிளைவுட் ஒட்டியிருக்கும். அழுத்தித் தேய்த்தால் மேல் தகடு போய்விடும். வெறும் பலகை தெரியும் இடத்தில் தண்ணீரைக் கொட்டினால் உப்பிவிடும். மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவி எடுக்கும் பால்வெட்டுக்காரரின் கைக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்? அதே பக்குவம்தான்.

மின்சாரத் தேய்ப்பு இயந்திரத்தைப் பழைய சாயத்தின்மேல் ஓட்டாதீர்கள். நெருப்பு வைத்துச் சாயத்தைப் பொசுக்கி எடுப்பது அதைவிடக் கேடு. காரீயம் புகையாகவே மூக்கில் ஏறும். வாயையும் மூக்கையும் மூட வெறும் துணி போதாது. கோவிட் காலத்தில் பழகிய என்95 முகக்கவசத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், தூசி எழும்பும். ஈரத்துணியால் இரண்டு தடவை துடையுங்கள். விரிப்பை உள்பக்கமாக மடித்துக் கட்டிக் குப்பையில் போடுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் பசியாறவும் கூடாது, வெற்றிலை போடவும் கூடாது, சிகரெட் பற்றவைக்கவும் கூடாது. போட்டிருந்த உடுப்பைக் குழந்தைத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள்.

கதவு நன்றாகக் காய்ந்த பிறகு, மாலைக்குள் அண்டர்கோட் ஒரு பூச்சு அடித்துவிட்டால் முதல் ஞாயிறு வேலை முடிந்தது.

இரண்டாம் ஞாயிறு: எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?

வானத்தைப் பார்த்து வேலையைத் தொடங்குங்கள். மழை நாளில் காற்றில் ஈரம் அதிகம். சாயம் காயாமல் பிசுபிசுக்கும். கிழக்குக் கரையில் இருப்பவர்கள் நவம்பர் முதல் மழைக்காலம் முடியும் வரை இந்த வேலையைத் தள்ளிப்போடலாம். மற்ற இடங்களில் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினால் பிற்பகல் மழைக்குமுன் முடித்துவிடலாம்.

அண்டர்கோட்டை 240 தாளால் லேசாக ஒருமுறை நனைத்துத் தேய்த்து, துடைத்து, காய விடுங்கள். சாயத்தைக் குச்சியால் அடிவரை நன்றாகக் கலக்குங்கள். பிரஷில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நனைய வேண்டும்.

சமதளக் கதவு என்றால் மேலிருந்து கீழாக, பாகம் பாகமாகப் பூசி வாருங்கள். ஒரு பாகத்தின் ஓரம் காய்வதற்குள் அடுத்ததைத் தொட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் கோடு விழும். சட்டமும் பலகையும் வைத்த கதவு என்றால் முதலில் உட்பலகைகள், பிறகு குறுக்குச் சட்டங்கள், பிறகு நெடுக்குச் சட்டங்கள், கடைசியாக ஓரங்கள். கெட்டியாக ஒரே பூச்சில் முடிக்க நினைத்தால் சாயம் கண்ணீராக வழிந்து நிற்கும். மெல்லியதாக இரண்டு பூச்சு என்பதுதான் இரகசியம்.

எண்ணெய்ச் சாயம் என்றால் முதல் பூச்சுக்குப் பிறகு ஒரு நாள் விடுங்கள். திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து இரண்டாவதை அடிக்கலாம். தண்ணீர்ச் சாயம் என்றால் அன்றே முடியும். காயாத கதவைச் சாத்தினால் நிலையோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே இரவில் அரைக்கதவாகவே ஆப்பு வைத்து நிறுத்துங்கள்.

நெருப்பும் போத்தலும்

எண்ணெய்ச் சாயமும் தின்னரும் சட்டென்று தீப்பிடிக்கும் சாமான்கள். அடுப்படிக் கதவுக்குப் பூசும்போது கேஸ் அடுப்பு அணைந்திருக்க வேண்டும். சாமி விளக்கையும் ஊதுவத்தியையும் அன்றைக்குச் சற்றுத் தள்ளி ஏற்றுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். தின்னருக்குப் பதில் மோட்டார் சைக்கிளிலிருந்து பெட்ரோல் பிடித்துப் பிரஷ் கழுவும் வேலையே வேண்டாம். எண்ணெய்ச் சாயம் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது தானே சூடேறிப் பற்றிக்கொள்ளவும் கூடும். வெளியில் விரித்துக் காயப்போடுங்கள்.

மிச்சத் தின்னரைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்த தாய்மார்களுக்கு இதன் அருமை தெரியும். களைக்கொல்லியைப் போத்தலில் மாற்றி வைத்து, தண்ணீர் என்று நினைத்து யாராவது குடித்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் அறியாதவர்களா?

என்ன நிறம் பூசலாம்?

இது அவரவர் விருப்பம். ஆனாலும் ஒன்றிரண்டு யோசனை. ஜன்னல் இல்லாத நடைவழியில் இருக்கும் கதவுகளுக்கு வெளிர்நிறம் பூசினால் வெளிச்சம் கூடியதுபோல் இருக்கும். அடுப்படிக்கும் குளியலறைக்கும் கொஞ்சம் அடர்ந்த நிறம் அழுக்கைக் காட்டாது. எல்லாக் கதவுக்கும் ஒரே நிறம் என்றால் சின்ன வீடும் ஒழுங்காகத் தெரியும், டின்னும் மிச்சமாகாது.

கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி வைத்திருக்கிறீர்களா? அந்த ஒரு சாணை மட்டும் டேப் ஒட்டி விட்டுவிடுங்கள். சாயம் எப்போது வேண்டுமானாலும் பூசலாம். அந்தக் கோடு மறுபடி கிடைக்காது. அதன் ஓரம் பொடிந்து நின்றால் மட்டும், ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, மேலே பூசிவிடுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

சாயம் பூசப் போவதில்லை என்று இருப்பவர்களும் இன்றைக்கே உங்கள் வீட்டுக் கதவுகளை ஒருமுறை பாருங்கள். நிலையில் உரசும் ஓரம், தாழ்ப்பாள் பக்கம், அடிப்பாகம் ஆகிய இடங்களில்தான் சாயம் உரியும். அந்த இடத்தில் தரையை ஈரத்துணியால் அடிக்கடி துடையுங்கள். தவழும் பிள்ளையின் கையைச் சாப்பிடுமுன் கழுவுங்கள். உரிந்த சாயத்தைப் பிள்ளை எடுத்து வாயில் போடுவதைப் பார்த்திருந்தால், "அது மண்ணும் தின்னும், எல்லாம் தின்னும்" என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லுங்கள். காரீயம் உடம்பில் ஏறியிருக்கிறதா என்பது இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

வீடு முழுவதையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்பதில்லை. பிள்ளைகள் படுக்கும் அறையின் கதவிலிருந்து தொடங்குங்கள். உரிந்து நிற்கும் பழைய சாயத்தை நனைத்து எடுத்து, புதுச் சாயத்தால் மூடிவிட்டால் வீட்டுக்கு அழகும் ஆச்சு, பிள்ளைக்குக் காவலும் ஆச்சு. கை பழகிவிட்டால் மற்ற கதவுகள் தானாக முடியும்.

இந்த ஞாயிறு ஹார்ட்வேர் கடைப்பக்கம் போகிறவர்கள் மணல் தாள் வாங்கும்போது மறக்காமல் சொல்லுங்கள்: "தவுக்கே, தண்ணியில நனைச்சுத் தேய்க்கிறது கொடு!"